முன்டயரில் பதினான்கு குழி

பல் மருத்துவர் எழுத்திலேயே கொடுத்துவிட்டார்: குழிகள் மனிதப் பல்லால் ஏற்பட்டவை அல்ல. கீழே கையெழுத்து, முத்திரை, பதிவு எண். கடிதத்தோடு ஒரு மெழுகு அச்சும் இணைத்திருந்தார். லாரி டயரின் ஓரத்திலிருந்து எடுத்த அச்சு.

டயர் பரிசோதகன் அந்தக் கடிதத்தை இரண்டு தடவை படித்தான். டயர் கம்பெனியின் புகார்ப் பிரிவில் சேர்ந்து ஐந்து வருஷம் ஆகிறது. டயர் ஏன் தேய்ந்தது என்று பல பேர் பல விதமாக எழுதிப் பார்த்திருக்கிறான். பல் மருத்துவர் எழுதி இப்போதுதான் பார்க்கிறான்.

மேசைக்கு அந்தப் பக்கம் முதலாளி உட்கார்ந்திருந்தார். வழியில் நின்றுபோகும் வண்டிகளைக் கொக்கி போட்டுத் தூக்கி இழுத்து வருவது அவர் தொழில். சின்ன இழுவை வண்டிகள் மூன்று, பெரியது ஒன்று. சின்னவற்றின் டயர்கள் ஒழுங்கு மரியாதையாகத் தேய்ந்தன. பெரியதன் முன்டயர் இரண்டில் மட்டும் யாரோ கரண்டியால் தோண்டிய மாதிரி சுற்றிலும் குழிகள். புது டயர் போட்டாலும் மூன்று மாதத்தில் அதே குழி.

போன வருஷம் வேலையை விட்டு நிறுத்திய ஒருவன் ஆத்திரத்தில் வந்து கடித்துவிட்டுப் போகிறான் என்றுதான் முதலாளி முதலில் நினைத்தாராம். அவனுக்குப் பல் வரிசை நன்றாக இருக்கும் என்பதைத் தவிர வேறு ஆதாரம் இல்லை. பல் மருத்துவர் அந்த வழியை அடைத்துவிட்டார்.

"பல்லு இல்லைன்னா அப்புறம் கால்தான் தம்பி," என்றார் முதலாளி. "டிரைவர் கால்."

எட்டு மாதத்துக்கு முன்னால் பெரிய வண்டி ஓட்டுநரின் தங்கை இறந்துபோனாள். இருபது நாள் விடுப்பில் போனார். திரும்பி வந்து வண்டியை எடுத்த நாளிலிருந்துதான் குழி. மனசு சரியில்லாதவன் கால் பிரேக்கில் எப்படி இருக்கும், திடுக்கென்று மிதிப்பான், திடுக்கென்று விடுவான், டயர் என்ன செய்யும் பாவம் என்று முதலாளி விளக்கினார். அவர் குரலில் கோபம் இல்லை. டயருக்காகவும் ஓட்டுநருக்காகவும் சம அளவில் வருத்தப்பட்டார்.

அந்தத் தங்கை பரிசோதகனின் மனைவி. அது முதலாளிக்கும் தெரியும்.

"அதனாலதான் உங்களையே கேட்டு வாங்கினேன். வெளியாள் எழுதினா நான் பழி போட்டேன்னு ஆகும். வீட்டு மாப்பிள்ளையே எழுதிட்டா அவனுக்கும் மனசு ஆறிடும்."

கம்பெனிப் படிவத்தில் காரணத்துக்கு ஐந்து கட்டங்கள் இருந்தன: காற்று அதிகம், காற்று குறைவு, சக்கரக் கோணம், தயாரிப்புக் குறை, ஓட்டுநர். ஏதாவது ஒன்றில் குறி போட வேண்டும். 'ஓட்டுநர்' கட்டத்தில் குறி விழுந்தால் திங்கட்கிழமையிலிருந்து அவரை வண்டியிலிருந்து இறக்கி, சாவிப் பெட்டிக்குப் பக்கத்தில் முக்காலியில் உட்கார வைக்கப் போவதாக முதலாளி சொன்னார். சாவி கேட்டால் எடுத்துக் கொடுக்கும் வேலை. வண்டி நான்குதான் என்பதால் கஷ்டமே இருக்காது என்றார்.

மச்சான் முக்காலியில் உட்கார மாட்டார். பரிசோதகனுக்கு அது தெரியும். வண்டி இல்லை என்றால் அம்மாவைக் கூட்டிக்கொண்டு அண்ணன் இருக்கும் ஊருக்குப் போய்விடுவேன் என்று போன வாரம்தான் சொன்னார். இந்த ஊரில் பரிசோதகனை இன்னும் 'மாப்பிள்ளை' என்று கூப்பிடுகிறவர்கள் அவர்கள் இரண்டு பேர்தான். அவர்கள் போனால் அந்த எண்ணிக்கை இரண்டிலிருந்து பூஜ்யமாகும். அவன் அதைத் துக்கமாக உணரவில்லை. ஒரு அளவைக் குறித்துக்கொள்வது போலக் குறித்துக்கொண்டான். எட்டு மாதமாக எல்லாவற்றையும் அப்படித்தான் குறித்துக்கொண்டிருந்தான்.

எழுந்து வெளியே வந்தான்.

கொட்டகையில் மச்சான் பெரிய வண்டியின் பின்சக்கரத்துக்குக் கட்டை வைத்து, முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கித் தயாராக நிறுத்தியிருந்தார். ஒல்லியான மனிதர். சட்டையைக் கம்பியில் மாட்டிய மாதிரிதான் எப்போதும் இருப்பார். வாங்க மாப்ள என்றார். சாப்பிட்டீங்களா என்று கேட்டார். அத்தைக்கு முழங்கால் எப்படி என்று இவன் கேட்டான். அப்படியேதான் இருக்கு என்றார். அதோடு குடும்பப் பேச்சு முடிந்தது.

பிறகு மச்சான் வலது டயருக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, குழிகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக் காட்டினார். ஒரு டயரில் பதினான்கு. இடது டயரைவிட வலதில் கொஞ்சம் ஆழம் அதிகம்.

"வலது கால்தானே பிரேக்கு," என்றார். "அதான்."

பரிசோதகன் நிமிர்ந்து பார்த்தான்.

"நானே முதலாளிகிட்ட சொல்லிட்டேன் மாப்ள, நானாத்தான் இருக்கும்னு. எனக்கு அன்னைக்கும் அழுகை வரல, இன்னைக்கும் வரல. அம்மா அழுதாங்க, பக்கத்து வீட்டுக்காரங்க அழுதாங்க, யாருன்னே தெரியாத ஒரு ஆள் வந்து அழுதுட்டுப் போனாரு. நான் நாற்காலி எடுத்துப் போட்டுட்டு இருந்தேன். எங்கயாவது வெளிய வந்துதானே ஆகணும். கால் வழியா வந்திருக்கு."

அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு நிம்மதி இருந்தது. குழிகளைத் துணியால் துடைத்து வைத்திருந்தார். ஒரு சின்னக் கல்கூட எதிலும் சிக்கியிருக்கவில்லை.

பரிசோதகன் வேலையை ஆரம்பித்தான். உள்ளங்கையை டயரின் மேல் முன்னுக்கும் பின்னுக்கும் ஓட்டினான். ஒரு பக்கம் வழுவழுப்பாகவும் மறு பக்கம் சொரசொரப்பாகவும் இருந்தால் சக்கரக் கோணம் தப்பு. இரண்டு பக்கமும் ஒன்றுபோலவே இருந்தது. ஆழம் பார்க்கும் ஊசியை இறக்கினான். மேட்டில் ஒன்பது மில்லிமீட்டர், குழியில் ஐந்து. சாண் தூரத்துக்கு ஒரு குழி, அளந்து வைத்த மாதிரி. காற்று சரி. பேரிங்கில் ஆட்டம் இல்லை. ஷாக் அப்சர்பர் புதுசு. மூன்று மாதத்துக்கு முன் மாற்றியது. பின்டயர்கள் எட்டும் பூ மாதிரி இருந்தன.

பிரேக்கைத் திடுக்கென்று மிதித்தால் டயர் ஒரே இடத்தில் தட்டையாகத் தேயும், இப்படிச் சுற்றிலும் ஒரே இடைவெளியில் குழி விழாது என்றான். மச்சான் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப நான் இல்லையா?"

"தெரியல மச்சான். ஓட்டிப் பாக்கணும்."

மச்சானுக்கு அது பிடிக்கவில்லை. ஜாக்கியை இறக்கும்போது வழக்கத்தைவிட வேகமாக இறக்கினார்.

ஓட்டிப் பார்க்கச் சந்தர்ப்பம் தானாக வந்தது. பாலத்துக்கு அந்தப் பக்கம் மெத்தை ஏற்றிய வேன் ஒன்று அச்சு முறிந்து நிற்பதாகத் தொலைபேசி. பதிவேட்டம்மா சீட்டு எழுதிக் கொடுத்தார். அலுவலகத்தில் எல்லாப் பதிவேடுகளையும் எழுதுகிறவர் அவர். அவர் சீட்டு எழுதாமல் அந்த வளாகத்திலிருந்து எதுவும் வெளியே போகாது, எதுவும் உள்ளே வராது. பரிசோதகனையும் 'ஆள் – 1' என்று எழுதித்தான் அனுப்பினார்.

போகும்போது ஒன்றும் இல்லை. வண்டி நன்றாகவே போனது. வேனின் மூக்கைக் கொக்கியில் மாட்டித் தூக்கியதும்தான் விஷயம் ஆரம்பித்தது. பின்னால் பாரம் தொங்கியபோது முன்னால் வண்டி மெல்ல நிமிர்ந்தது, கூப்பிட்டவரைப் பார்க்கத் தலையைத் தூக்குகிற மாதிரி. பாலத்தில் பதினொரு இணைப்புகள். ஒவ்வொன்றிலும் முன்சக்கரம் தரையை விட்டு ஒரு துளி எழும்பி, சுற்றிக்கொண்டே திரும்ப விழுந்தது. ஒவ்வொரு தடவையும் ஒரு கண் இமைக்கும் நேரம் ஸ்டியரிங் செத்துப் பிழைத்தது.

"இதான் மாப்ள," என்றார் மச்சான். "கை நடுங்குது பாருங்க."

கை நடுங்கத்தான் செய்தது. ஆனால் ஸ்டியரிங் நடுங்கியதால் கை நடுங்கியது. பரிசோதகன் அதைச் சொல்லவில்லை. திரும்பி வந்து, வேனைக் கொக்கியிலேயே வைத்து, கொட்டகைக்கு முன்னால் நிறுத்தச் சொன்னான். இறங்கி வண்டியின் முன்னால் போய் நின்றான். மற்ற எல்லாமே எட்டு மாதத்துக்கு முன் அடித்த புது பெயிண்டில் மின்னியது. பம்பருக்கு அடியில் மட்டும் பன்னிரண்டு போல்ட் துளைகள் வெறுமையாக இருந்தன. மூன்று வரிசை, வரிசைக்கு நான்கு.

அவன் தேய்த்த சட்டையோடு பம்பரில் ஏறி உட்கார்ந்தான். வளாகத்துக்குள்ளேயே மெதுவாக ஒரு சுற்று ஓட்டச் சொன்னான். மச்சான் ஓட்டினார். கேட்டருகே இருந்த காவலாளி, கம்பெனி ஆபீசர் ஒருவர் வண்டி மூக்கில் உட்கார்ந்து வருவதைப் பார்த்து எழுந்து நின்று வணக்கம் வைத்தார். சுற்று முடிந்து வண்டி நின்றதும் மச்சான் தலையை வெளியே நீட்டி, கொஞ்சம் தேவலாம் மாதிரி இருக்கே என்று சந்தேகமாகச் சொன்னார்.

பரிசோதகன் நேராகப் பதிவேட்டம்மாவிடம் போனான். அலுவலக வாசற்படியில் நின்றபடியே, பெரிய வண்டியின் முன்னால் எதையாவது கழற்றினீர்களா என்று கேட்டான்.

அந்த அம்மாவுக்கு யோசிக்கத் தேவையே இருக்கவில்லை. பதிவேட்டைப் புரட்டி, மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வாசித்தார்: "இரும்புக் கட்டை, மூன்று. எடை ஒவ்வொன்றும் அறுபது கிலோ. பெயிண்ட் அடிப்பதற்காகக் கழற்றி வைக்கப்பட்டது." தேதியைப் பார்த்தான். மச்சான் விடுப்பில் இருந்த இருபது நாளுக்குள் வந்தது.

திரும்ப மாட்டினீர்களா?

அதற்கு அவர் இன்னொரு பதிவேட்டை எடுத்தார். அது தளவாடப் பதிவேடு. "படி, ஒன்று. கதவுத் தாங்கி, ஒன்று. கால் வைக்கும் மேடை, ஒன்று."

பரிசோதகன் குனிந்து தன் காலைப் பார்த்தான். படியில் விரித்திருந்த கால்மிதியை ஒரு ஓரமாகத் தூக்கினான். கீழே இரும்பு. நான்கு மூலையிலும் நான்கு துளை.

பெயிண்ட் அடித்தவர்கள் கழற்றிக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். அது என்னவென்று தெரிந்த ஒரே ஆள் அந்த நேரம் வீட்டில் நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். திரும்பி வந்தபோது அவர் வண்டியின் மூக்கைப் பார்க்கும் நிலையில் இல்லை. அதற்குள் இந்தப் பக்கம் வாசல் உயரத்தோடு பல வருஷமாகப் போராடிய பதிவேட்டம்மாவுக்கு ஒன்று படியானது. தாழ்ப்பாள் உடைந்த கேட்டுக்கு ஒன்று முட்டுக்கொடுத்தது. அதற்குக் காவலாளி சிவப்பும் வெள்ளையுமாக வரி போட்டிருந்தார். மூன்றாவது முதலாளியின் மேசைக்கு அடியில், கம்பளம் சுற்றி, அவர் வீங்கிய பாதங்களைத் தாங்கிக்கொண்டிருந்தது. எட்டு மாதமாக அவர் அதன் மேல் காலை வைத்துக்கொண்டுதான், என் டயரை யார் தின்பது என்று எல்லோரையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

பரிசோதகன் அவர் எதிரே நின்று எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னான். பின்னால் பாரம் தூக்கினால் முன்பக்கம் லேசாகும், லேசானால் சக்கரம் குதிக்கும், குதித்து விழும் இடத்தில் குழி. குதிக்காமல் இருக்கத்தான் இரும்பு. முதலாளி கேட்டு முடித்தார். மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார்.

"புரிஞ்சுது. ஆனா தம்பி, படி இல்லாம பதிவேட்டம்மா உள்ள ஏற முடியாது. அவங்க ஏறலைன்னா சீட்டு இல்ல. சீட்டு இல்லைன்னா வண்டி வெளிய போகாது. வண்டியே போகலைன்னா டயர் எதுக்கு?"

கேட்டுக்குப் புதுத் தாழ்ப்பாள் போடலாமே என்றான். தாழ்ப்பாள் கேட்டு எழுதிய மனு மூன்று வருஷமாக நிலுவையில் இருக்கிறது, அதை நானேதான் நிறுத்தி வைத்திருக்கிறேன், முந்திக்கொண்டு போட்டால் மனுவுக்கு என்ன மதிப்பு என்றார். கால் மேடையைப் பற்றி இவன் வாயைத் திறப்பதற்குள் மருத்துவர் சீட்டை எடுத்துக் காட்டினார். பாதம் தரையில் படக்கூடாது என்று எழுதியிருந்தது.

கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர், திடீரென்று முகம் மலர்ந்தார்.

"ஆக, முன்னால கனம் போதல. அவ்வளவுதானே?"

"ஆமா."

"டிரைவர் எடை என்ன?"

"ஐம்பத்தொண்ணு."

"பாத்தீங்களா. கடைசியில டிரைவர்கிட்டதான் வந்து நிக்குது."

கனமான ஓட்டுநராகப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றார். எத்தனை கிலோ வேண்டும் என்று கணக்குப் போடச் சொன்னார். பரிசோதகன் பொய் சொல்லத் தெரியாதவன். படித்த படிப்பு அப்படி. பம்பரில் தொங்கும் நூற்றெண்பது கிலோவுக்கு ஈடாக இருக்கையில் அதைவிட அதிகம் வேண்டும், இப்போதைய ஓட்டுநர் எடையும் சேர்ந்து சுமார் முந்நூறு வரும் என்றான். முதலாளி மணியடித்து, விளம்பரம் எழுதச் சொன்னார். பதிவேட்டம்மா அழகான கையெழுத்தில் எழுதி, காவலாளி அதைக் கேட்டில் ஒட்டினார்: 'ஓட்டுநர் தேவை. அனுபவம் அவசியமில்லை. எடை முந்நூறு கிலோவுக்குக் குறையாமல்.'

அரை மணி நேரத்தில் ஒருவர் வந்தார். பழைய இரும்பு நிறுக்கும் தராசில் ஏற்றிப் பார்த்தார்கள். நூற்றுப் பதினெட்டு. இவ்வளவு ஒல்லியாக இருந்தால் எப்படி என்று காவலாளி திருப்பி அனுப்பினார். தன்னை ஒல்லி என்று இதுவரை யாரும் சொன்னதில்லை என்று வந்தவர் சந்தோஷமாகப் போய்ச் சேர்ந்தார்.

"அதுவரைக்கும் நீங்க 'ஓட்டுநர்' கட்டத்துல குறி போட்டுடுங்க," என்றார் முதலாளி. "எடை கம்மியும் டிரைவர் குறைதானே. யாரும் வந்து கேட்டா, ஆள் நல்லவன், கனம் பத்தலன்னு நானே சொல்லுவேன்."

பேனா பரிசோதகன் கையில் இருந்தது. உண்மையைக் கண்டுபிடித்தாயிற்று. உண்மையே மச்சானை முக்காலியில் கொண்டுபோய் உட்கார வைக்கப் பார்த்தது. அவனுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஆனால் பேனா மூடியைக் கழற்றவும் வரவில்லை.

"நிரூபிக்காம குறி போடறது எங்க வழக்கம் இல்லைங்க," என்றான். அப்படி ஒரு வழக்கம் கம்பெனியில் இருந்ததில்லை. "கனம் இருந்தா குதிக்காதுன்னு முதல்ல காட்டணும். கட்டை மூணையும் அரை மணி நேரம் குடுங்க."

"அரை மணி நேரம் என் காலை எங்க வைக்கிறது?"

"அப்ப கட்டைக்குப் பதிலா, கட்டையை வெச்சிருக்கிறவங்க வாங்க."

பதிவேட்டம்மாதான், எத்தனை மணிக்கு என்று கேட்டார்.

தராசில் மூவரையும் நிறுத்தார்கள். முதலாளி எழுபத்து நான்கு, பதிவேட்டம்மா அறுபத்திரண்டு, காவலாளி ஐம்பத்தைந்து. கூட்டினால் பம்பருக்குத் தேவையான நூற்றெண்பதைவிடப் பதினொரு கிலோ அதிகம். பதிவேட்டம்மா புறப்படும் முன் சீட்டு எழுதினார். ஆட்கள் என்று எழுதினால் பம்பரில் போக விதியில்லை என்பதால், 'இரும்புக் கட்டைக்கு மாற்று – 3, தற்காலிகம்' என்று எழுதி, பொருளைப் பெற்றுக்கொண்டவர் என்ற இடத்தில் தானே கையெழுத்துப் போட்டார்.

மச்சான் அவர்களைக் கட்டினார். பாரம் கட்டுவதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. பம்பரில் மெத்தை ஒன்றை மடித்துப் போட்டு, கனம் சமமாக விழ முதலாளியை நடுவில் உட்கார வைத்து, இரண்டு பட்டைகளை மார்புக்கும் இடுப்புக்கும் குறுக்கே ஓட்டி, இறுக்கும் பிடியை மூன்று தடவை இழுத்தார். மூச்சு விட முடிகிறதா என்று கேட்டார். முதலாளியின் கால் தரைப்பக்கம் தொங்கக்கூடாது என்பதால் முன்னால் நீட்டி ஒரு கயிற்றில் தாங்க வைத்தார். கால் வண்டிக்கு வெளியே இரண்டடி நீட்டிக்கொண்டிருந்தது. மச்சான் தள்ளி நின்று பார்த்தார். வெளியே நீளும் பாரத்துக்கு உள்ள விதிப்படி கட்டைவிரலில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டினார். விதி விதிதான்.

மெத்தை வேனை இழுத்துக்கொண்டு புறப்பட்டார்கள். அச்சு மாற்றும் பட்டறையும் பாலத்துக்கு அந்தப் பக்கம்தான்; சோதனைக்காகத்தான் வேனை இந்தப் பக்கம் இழுத்து வந்திருந்தார்கள். பரிசோதகன் மச்சானுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே வந்தான். கண்ணாடிக்குக் கீழே மூன்று தலைகள் தெரிந்தன. ஒரு தலை நரை, ஒன்று கொண்டை, ஒன்று தொப்பி. எதிரே வந்த சைக்கிள்காரர் ஒருவர் சைக்கிளை ஓரமாக நிறுத்தி இறங்கி நின்றார்.

முதல் இணைப்பு. ஒன்றும் இல்லை. இரண்டாவது. ஒன்றும் இல்லை. பதினொன்றும் தாண்டின. ஸ்டியரிங் மச்சானின் கையில் சுவரில் அடித்த ஆணி மாதிரி நின்றது.

பாலம் இறங்கியதும் முதலாளி கையைத் தூக்கினார். வண்டியை நிறுத்தினார்கள். பரிசோதகன் இறங்கிப் போனான். என்ன ஆயிற்று என்று அவர் கேட்டார். ஒன்றும் ஆகவில்லை என்றான். ஆகவில்லை என்றால் எதற்கு இவ்வளவு பாடு என்றார். ஆகாததுதான் நிரூபணம் என்றான்.

முதலாளி யோசித்தார். காற்றில் அவர் நரைமுடி எழும்பியிருந்தது. கன்னம் சிவந்திருந்தது. கட்டைகள் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும் என்றார். பதிவேட்டம்மாவும் காவலாளியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பெரிய வண்டி போறப்ப எல்லாம் நாம வந்துடுவோம். ஆபீஸ்ல அந்த நேரம் என்ன கிழிக்கிறோம்?"

அப்படியானால் கேட்டில் ஒட்டிய விளம்பரம் என்று காவலாளி இழுத்தார்.

"கிழிச்சுப் போடு. கனத்தை நாம பாத்துக்கலாம். ஓட்டறத அவன் பாத்துக்கட்டும். இந்தப் பாலத்துல இப்படி ஓட்ட எவனால முடியும்?"

பரிசோதகன் படிவத்தை என்ஜின் மூடிமேல் வைத்தான். ஐந்து கட்டங்களுக்குக் கீழே, அடையாள அட்டையின் விளிம்பை அளவுகோலாக வைத்து, ஆறாவதாக ஒரு கட்டம் போட்டான். 'கனம் இடம் மாறியது' என்று பக்கத்தில் எழுதி, அதில் குறி போட்டுக் கையெழுத்திட்டான். முதலாளி கட்டியிருந்த பட்டைக்குள்ளிருந்து ஒரு கையை மட்டும் உருவி எதிர்க்கையெழுத்து போட்டார்.

திரும்ப வண்டியில் ஏறினான். மச்சான் புறப்படவில்லை. ஸ்டியரிங்கின் மேல் இரண்டு கையையும் வைத்து, கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்களே ஓட்டலாம்னு சொல்லிட்டார் மச்சான்."

"கேட்டுச்சு." பிறகு, "அப்ப இது நடுங்கல?"

"இல்ல. ஸ்டியரிங்தான் ஆடுச்சு."

"காலு?"

"கால் சரியாத்தான் இருந்துச்சு. எட்டு மாசமும்."

மச்சான் கியரைப் போட்டார். வண்டி நகர்ந்தது. பட்டறைக்குப் போகும் சாலை வளைவுகளும் பள்ளங்களுமாக இருந்தது. கொஞ்ச தூரம் போன பிறகுதான் கேட்டார்.

"அவ போயி எட்டு மாசமா எனக்கு ஒண்ணுமே ஆகலையா மாப்ள?"

பரிசோதகனைப் பார்த்து அந்தக் கேள்வியை இதுவரை யாரும் கேட்டதில்லை. பக்கத்தில் ஒரு சத்தம் கேட்டது. இருமல் என்று முதலில் நினைத்தான். இருமல் இல்லை. மச்சானின் தோள்கள் குலுங்கின. கண்ணிலிருந்து வழிந்தது தாடையில் சொட்டிச் சட்டையில் விழுந்தது. துடைத்துக்கொள்ளக் கையை எடுக்கவில்லை. பாரத்தோடு போகும்போது அவர் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்க மாட்டார். வளைவு வந்தது. பக்கக் கண்ணாடியைப் பார்த்தார், திரும்பும் விளக்கைப் போட்டார், வாய்விட்டு அழுதுகொண்டே ஒரு விரற்கடை விலகாமல் திரும்பினார். முன்னால் மூன்று தலைகளும் ஆடாமல் அசையாமல் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தன.

அவருக்கு எதிரே இருப்பது சரியாகத் தெரியவில்லை என்று பரிசோதகனுக்குப் புரிந்தது. நிறுத்தச் சொல்லலாம். சொல்லவில்லை. முன்னால் நகர்ந்து, முன்கண்ணாடிக்குப் பக்கத்தில் முகத்தை வைத்துக்கொண்டான்.

"இடப்பக்கம் பள்ளம் மச்சான்," என்றான். "வலது ஒடிங்க. இன்னும் கொஞ்சம். சரி. இப்ப நேரா."